ஜார்ஜ் டவுன்: வீடுகள் நின்றன, குடித்தனங்கள் கிளம்பின

1999 டிசம்பர் 31-ஆம் தேதியோடு மலேசியாவில் வாடகைக் கட்டுப்பாடு முடிவுக்கு வந்தது. அந்தச் சட்டத்தை நம்பி அதிகம் பேர் வாழ்ந்த ஊர்களில் முதன்மையானது பினாங்கின் ஜார்ஜ் டவுன். மறுநாளிலிருந்து வீட்டுக்காரர் கேட்பதுதான் வாடகை. எட்டரை ஆண்டுகள் கழித்து, 2008 ஜூலை 7-ஆம் தேதி, அதே தெருக்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்தது. மலாய்க்காரர், சீனர், இந்தியர், ஐரோப்பியர் என்று பலரும் ஒரே இடத்தில் கலந்து வாழ்ந்த பண்பாடு இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது என்பது அந்த அறிவிப்புக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவிலும் அதற்குப் பிறகும் அந்தத் தெருக்களில் நடந்ததைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன். மலேசியாவின் இன ஒற்றுமையைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் திருவிழாக்களைக் காட்டுகிறோம், கொடியைக் காட்டுகிறோம், 1970-இல் அறிவிக்கப்பட்ட தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளை ஒப்பிக்கிறோம். அதிலெல்லாம் எனக்குக் குறை இல்லை. ஆனால் ஜார்ஜ் டவுனில் ஒற்றுமை என்று எதைச் சொல்கிறோமோ அது பக்கத்து வீடு, எதிர்க் கடை, மாத வாடகை ஆகியவற்றின் மேல்தான் நின்றது. வாடகை மாறியதும் அந்த அஸ்திவாரமே ஆடியது. பாரம்பரிய அறிவிப்பு சுவர்களைக் காப்பாற்றியது. சுவருக்குள் இருந்தவர்களைக் காப்பாற்ற அதனிடம் வழி இருக்கவில்லை.

பத்து நிமிட நடையில்

1786 ஆகஸ்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஃபிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் கொடி ஏற்றினார். தீவு கெடா சுல்தானுக்கு உரியது. பதிலுக்குச் சுல்தான் எதிர்பார்த்த படைப் பாதுகாப்பைக் கம்பெனி கடைசிவரை தரவில்லை. ஊரின் பிறப்பிலேயே இப்படி ஒரு வஞ்சனை இருக்கிறது, அதையும் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

இந்தியாவுக்கும் சீனாவுக்கும் நடுவில் கப்பல்கள் நின்று போக ஒரு துறைமுகம் லைட்டுக்குத் தேவைப்பட்டது. ஆள் சேர்க்க அவர் செய்தது எளிது: சுங்கவரி கிடையாது, காட்டை வெட்டித் திருத்தினால் நிலம் வெட்டியவருக்கே. கெடாவிலிருந்து மலாய்க்காரர்களும், ஐரோப்பிய-ஆசியக் கலப்பு வம்சத்தினரான யுரேசியர்களும் வந்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகர்கள் வந்தார்கள். புக்கியன், குவாங்டோங் பகுதிகளிலிருந்து சீனர்கள் வந்தார்கள். அச்சே, அரபு நாடு, சயாம், பர்மா, ஆர்மீனியா என்று மற்றவர்களும் சேர்ந்தார்கள். அவரவர் கூட்டத்துக்கு ஒரு தலைவரைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது, அவருக்குக் கப்பித்தான் என்று பெயர். சீனர்களுக்குக் கோ லே ஹுவான், தென்னிந்திய முஸ்லிம்களுக்குக் காதர் முகைதீன்.

இப்போது ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் என்று அழைக்கப்படும் பழைய பிட் ஸ்ட்ரீட்டில் வடக்கு முனையிலிருந்து நடக்கத் தொடங்குங்கள். முதலில் 1818-இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், வெள்ளைத் தூண்களோடு. அதைத் தாண்டினால் குவான் யின் கோயில். புக்கியன்காரர்களும் கண்டோனியர்களும் சேர்ந்து எழுப்பியது. வாசலில் ஆள் உயர ஊதுபத்திகள் புகைந்துகொண்டிருக்கும், முற்றம் நிறையப் புறா. இன்னும் கொஞ்ச தூரம் போனால் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலின் பின்பக்கம். அம்மன் முகம் பார்ப்பது குயின் ஸ்ட்ரீட் பக்கம். அடுத்து, தென்னிந்திய முஸ்லிம்களின் கப்பித்தான் பெயரில் உள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். அதற்காகக் கம்பெனி 1801-இல் 18 ஏக்கர் நிலம் கொடுத்தது. இன்று நாம் பார்க்கும் குமிழ்மாடத் தோற்றம் 1910-ஐ ஒட்டிய விரிவாக்கத்தில் வந்தது. சாலையின் தென்கோடியில், அச்சே தெருவில், அரபு வம்சாவளியைச் சேர்ந்த தெங்கு சையத் உசேன் 1808-இல் கட்டிய பள்ளிவாசல். மக்காவுக்குக் கப்பல் ஏறக் காத்திருக்கும் ஹாஜிகள் ஒரு காலத்தில் தங்கியது அந்தத் தெருவில்தான். எல்லாம் ஏறத்தாழ பத்து நிமிட நடைக்குள்.

சுற்றுலாக் கையேடுகள் இந்தச் சாலையை நல்லிணக்கச் சாலை என்று சொல்லி இங்கேயே நிறுத்திக்கொள்ளும். கோயில்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்துவிட்டால் மட்டும் மனிதர்கள் பழகிவிட மாட்டார்கள். அவர்களைப் பழக வைத்தது சுற்றியிருந்த சந்துகளின் தொழில். பினாங் ஸ்ட்ரீட்டில் கிட்டங்கி, அதாவது வட்டிக்கடை, வைத்திருந்த நகரத்தார் கொடுத்த கடனில் சீன வணிகர்களும் ஈயச் சுரங்க முதலாளிகளும் தொழில் நடத்தினார்கள். மலாய் ஆண்கள் வெள்ளிக்கிழமை தொழுகைக்கு வைத்துப் போகும் சொங்கோக் தொப்பியைத் தமிழ் முஸ்லிம்கள் தைத்தார்கள். சூலியா தெருவில் 1800-களின் தொடக்கத்தில் எழுந்த நாகூர் தர்காவின் சுவரை ஒட்டிய சின்னக் கடைகளில் அந்தத் தையல் நெடுங்காலம் நடந்தது. சந்தையில் புழங்கியது பினாங்கு ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுமொழி. பாதி மலாய் கலந்த பேச்சு. தமிழ்க் கடைக்காரர்கள் அதைப் பேசியே வியாபாரம் செய்தார்கள். நகரத்துக்குள் வளர்ந்த தமிழர்கள் பலர் இன்றும் அதைச் சரளமாகப் பேசுவார்கள்.

நாசி கண்டாரையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தோளில் ஒரு கம்பு, ஒரு முனையில் சோறு, மறுமுனையில் குழம்பு. தமிழ் முஸ்லிம்கள் இப்படிச் சுமந்து போய்த் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற சாப்பாடு அது. இப்போது கம்பு இல்லை, கண்ணாடித் தடுப்பும் எவர்சில்வர் பாத்திரங்களும் வந்துவிட்டன. ஆனால் பரிமாறும் கை மாறவில்லை. தட்டில் சோற்றைக் கவிழ்த்து, மேலே ஒரு கோழித் துண்டோ மீன் முட்டையோ வைத்து, ஓரத்தில் வெண்டைக்காய் இரண்டைச் சாய்த்து, ஒரே கரண்டியால் நான்கு குழம்பை அடுத்தடுத்துத் தொட்டு ஊற்றுவார். கோழிக் குழம்பும் மீன் குழம்பும் கறுப்பாக மினுங்கும் சோயா மசாலாவும் சோற்றுக்கு அடியில் கலந்துவிடும். மாட்டிறைச்சி வேண்டாதவர் வேண்டாம் என்று சொல்வார், அந்தக் கரண்டி அந்தப் பக்கம் போகாது. வரிசையில் முன்னால் நிற்பவர் சீனராக இருப்பார், பின்னால் மலாய்க்காரர். இந்த வரிசைக்கு யாரும் பெயர் வைக்கவில்லை, எந்த அமைச்சும் ஏற்பாடு செய்யவில்லை.

சண்டை போட்டதும் கலந்துதான்

ஜார்ஜ் டவுனில் எப்போதும் அமைதி நிலவியது என்று எழுதினால் அது பொய். 1867 ஆகஸ்டில் இந்த ஊரில் பத்து நாட்கள் தெருச் சண்டை நடந்தது. கீ ஹின், தோ பே கொங் என்ற இரண்டு சீன ரகசியச் சங்கங்களின் மோதல் அது. இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: கீ ஹின் பக்கம் வெள்ளைக் கொடிச் சங்கம் நின்றது, தோ பே கொங் பக்கம் சிவப்புக் கொடிச் சங்கம் நின்றது. அந்த இரண்டு கொடிச் சங்கங்களிலும் இருந்தவர்கள் மலாய்க்காரர்களும் இந்திய முஸ்லிம்களும். அதாவது சீனர் ஒரு பக்கம், மற்றவர் மறுபக்கம் என்று ஊர் பிரியவில்லை. கலந்த அணி ஒன்று இன்னொரு கலந்த அணியோடு மோதியது. சண்டைக்கே கூட்டாளி தேவைப்பட்டபோது அவர்கள் இனத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தார்கள்.

ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து நிலைமை வேறாக இருந்தது. 1957 ஜனவரியில் நகராட்சியின் நூற்றாண்டுக் கொண்டாட்ட ஊர்வலத்தின்போது கலவரம் வெடித்தது. 1967 நவம்பரில் பழைய நாணயத்தின் மதிப்பு குறைக்கப்பட்டதை எதிர்த்து நடந்த கடையடைப்பு இனக் கலவரமாகத் திரும்பியது. 1969 மே 13 கோலாலம்பூரில் நடந்த இனக் கலவரத்தை எல்லோரும் அறிவோம். இந்த முறை கோடு இனத்தின் மேலேயே விழுந்தது. தேர்தல் அரசியல், வேலை, கல்வி என்று காரணங்கள் பல. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: பக்கத்தில் குடியிருப்பது சண்டையைத் தடுத்துவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் சண்டை முடிந்த மறுநாள் அரிசி வாங்கவும் கடன் வாங்கவும் அதே ஆளிடம்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், ஊர் சீக்கிரம் இயல்புக்கு வரும். ஜார்ஜ் டவுன் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் மீண்டது என்று நினைக்கிறேன்.

கட்டுப்பாடு செய்ததும், போனதும் செய்ததும்

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1966-இல் வந்தது. 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களுக்கு அது பொருந்தும். வீட்டுக்காரர் இஷ்டத்துக்கு வாடகை ஏற்ற முடியாது, குடியிருப்பவரை எளிதில் கிளப்ப முடியாது. ஜார்ஜ் டவுனின் உள்நகரம் கிட்டத்தட்ட முழுக்கவே இந்தச் சட்டத்தின் கீழ் வந்தது, ஏனென்றால் அங்கே பெரும்பாலான கடைவீடுகள் அதற்கு முன்பே கட்டப்பட்டவை.

கடைவீடு என்பது முன்னால் கடை, பின்னாலும் மேலேயும் குடித்தனம். வாசலில் ஐந்தடி நடைபாதை, நடுவில் வெளிச்சத்துக்கும் மழைக்கும் ஒரு வான்கிணறு. ஒருவர் முழு வீட்டையும் வாடகைக்கு எடுத்து, பலகைத் தடுப்புப் போட்டு அறை அறையாக உள்வாடகைக்கு விடுவார். ஒரு மாடியில் நான்கைந்து குடும்பங்கள், ஒரே குழாய், ஒரே கழிப்பறை. பல வீடுகளில் அந்தக் குடும்பங்கள் ஒரே இனத்தைச் சேர்ந்தவையாக இருக்கவில்லை. இப்படி இருந்த நெருக்கடியை அழகாக்கிச் சொல்ல நான் விரும்பவில்லை. கூரை ஒழுகும், மரப் படி உளுத்துப் போகும், மின்கம்பி பயமுறுத்தும். மாதம் சில பத்து வெள்ளி (ரிங்கிட்) வாடகை வாங்கும் வீட்டுக்காரர் எதற்குப் பழுது பார்ப்பார்? வீட்டுக்காரர்களில் ஒரே ஒரு வீட்டை நம்பி வாழ்ந்த கைம்பெண்களும் இருந்தார்கள், அவர்களுக்கு இந்தச் சட்டம் அநியாயம்தான்.

ஆனால் அதே சட்டம் யாரும் எதிர்பார்க்காத ஒரு காரியத்தையும் செய்தது. குடியிருப்பவரைக் கிளப்ப முடியாததால் வீட்டை இடிக்கவும் முடியவில்லை. 1960-களின் இறுதியில் பினாங்கு தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது, துறைமுக வியாபாரம் படுத்தது. 1972-இல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை தொடங்கியதும் வேலை தெற்கே போனது. உள்நகரத்தின் ஒரு பெரும்பகுதியை இடித்து 65 மாடிக் கொம்தார் கோபுரம் எழுந்தது. அந்த அலையில் மிச்சமிருந்த பழைய நகரமும் போயிருக்க வேண்டியது. குறைந்த வாடகையும் குடியிருந்தவர்களின் உரிமையும் அதைத் தடுத்து நிறுத்தின. ஆக, யுனெஸ்கோவுக்குக் காட்டும்படி ஒரு நகரம் எஞ்சியிருந்ததே அந்த ஏழைக் குடித்தனக்காரர்களால்தான். இதைப் போதிய அளவு யாரும் சொல்வதில்லை என்பது என் ஆதங்கம்.

சட்டத்தை நீக்கும் சட்டம் 1997-இல் நிறைவேறியது. 1999 முடியும்வரை அவகாசம் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுக்குச் சற்று மேல். அந்த அவகாசத்தில் குடியிருந்தவர்களுக்கு மாற்று வீடு, வாடகை உதவி, பழுது பார்க்க வீட்டுக்காரருக்குக் கடன் என்று ஏதாவது ஒரு முழுமையான திட்டம் வந்திருக்க வேண்டும். வந்தது போதவில்லை. கேட்ட வாடகை பல மடங்கு. கொடுக்க முடியாதவர்கள் கிளம்பினார்கள், வாடகைதாரர்கள் கூடிப் போராடியும் பார்த்தார்கள். அதற்குள் 1997-98 ஆசிய நிதி நெருக்கடி வேறு சந்தையைப் படுக்க வைத்திருந்தது. அதனால் கேட்ட வாடகைக்குப் புதிதாக ஆளும் வரவில்லை. பழையவர் போனார், புதியவர் வரவில்லை, கதவு பூட்டியது.

பூட்டிய வீடுகளுக்கு யார் வந்தார்கள் தெரியுமா? உழவாரக் குருவிகள். அதன் எச்சிலால் ஆன கூட்டைச் சீனர்கள் விலை கொடுத்து வாங்கிச் சூப்பு வைப்பார்கள். சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, சின்னத் துவாரம் விட்டு, குருவி கத்தும் ஒலியைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் காலையிலிருந்து இரவுவரை ஓடவிட்டார்கள். உள்ளே ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால் சுவரும் மரமும் கெட்டன. பக்கத்து வீட்டில் மிச்சமிருந்த குடும்பத்துக்கு இரைச்சல், நாற்றம், நோய்ப் பயம். பாரம்பரியப் பகுதிக்குள் குருவி வளர்ப்பை நிறுத்துவதாக மாநில அரசு முடிவெடுத்து, 2013-ஐக் கெடுவாக வைத்து அகற்றியது. நல்லதுதான். ஆனால் குருவிகளைக் கிளப்ப முடிந்த அளவுக்கு, போன குடும்பங்களைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை.

2008-க்குப் பிறகு

மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் ஒரே விண்ணப்பமாகப் போய், மலாக்கா நீரிணையின் வரலாற்று நகரங்கள் என்று பட்டியலில் ஏறின. ஜார்ஜ் டவுனில் மையப் பகுதி 109.38 ஹெக்டேர், சுற்றிக் காப்புப் பகுதி 150.04 ஹெக்டேர், உள்ளே 1,700-க்கும் மேற்பட்ட பாரம்பரியக் கட்டடங்கள். 1986-இலிருந்து பினாங்கு பாரம்பரிய அறக்கட்டளை நடத்திய பிரசாரத்துக்குக் கிடைத்த பலன் என்றும் இதைச் சொல்லலாம். அறிவிப்பு வந்த ஜூலை 7 இப்போது பினாங்கில் பொது விடுமுறை.

அறிவிப்பால் கிடைத்த நன்மைகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். உயரமாகக் கட்ட ஏற்கெனவே அனுமதி வாங்கியிருந்த நான்கு ஓட்டல் திட்டங்கள் சர்ச்சையாகி, யுனெஸ்கோ தலையிட்டு, உயரம் குறைக்கப்பட்டது. பழுது பார்க்கும் மானியம் கொடுக்க 2009-இல் திங்க் சிட்டி என்ற அமைப்பு உருவாக்கப்பட்டது, மறு ஆண்டு ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனம் வந்தது, சிறப்புப் பகுதித் திட்டம் 2016-இல் அரசிதழில் ஏறியது. சுண்ணாம்புப் பூச்சு, ஓட்டுக் கூரை, மர வேலை எல்லாம் முறைப்படி செய்ய ஆட்கள் உருவானார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டைப் பார்த்தவர்களுக்கு இன்றைய ஆர்மீனியன் ஸ்ட்ரீட் மலைப்பாகத்தான் இருக்கும்.

அந்தத் தெருவையே எடுத்துக்கொள்வோம். 2012-இல் ஜார்ஜ் டவுன் விழாவுக்காக லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸகாரெவிச் அங்கே ஒரு சுவரில் இரண்டு குழந்தைகளை வரைந்து, முன்னால் நிஜச் சைக்கிளைப் பொருத்தினார். அக்காள் ஓட்ட, தம்பி பின்னால் கட்டிப்பிடித்துச் சிரிக்கும் படம். அதைப் பார்க்கவும் அதோடு படம் எடுக்கவும் கூட்டம் வந்தது, கூட்டத்துக்குக் காப்பிக்கடை வந்தது, காப்பிக்கடைக்குத் தகுந்தாற்போல் வாடகை ஏறியது. ஓவியம் அருமையானது, ஓவியரிடம் பழி இல்லை. ஆனால் பிள்ளைகள் விளையாடும் தெருவைச் சுவரில் பார்க்கிறோம், அந்தத் தெருவில் குடியிருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையோ குறைந்துகொண்டே போகிறது. தகரம் தட்டுபவர், பிரம்பு பின்னுபவர், ஊதுபத்தி உருட்டுபவர், பெயர்ப்பலகை செதுக்குபவர் என்று நடைபாதையில் உட்கார்ந்து வேலை செய்த கைகளின் இடத்தில் இப்போது சிறு ஓட்டல்களும் நினைவுப்பொருள் கடைகளும் இருக்கின்றன. விலை ஏறியதும் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் வரிசை வரிசையாகக் கடைவீடுகளை வாங்கினார்கள். வாங்கியவற்றைச் சட்டப்படி அழகாகப் பழுது பார்த்தார்கள். எந்த விதியையும் மீறவில்லை. விதிகளில் ஓட்டின் வடிவம் இருக்கிறது, சன்னலின் அளவு இருக்கிறது, உள்ளே யார் வாழ வேண்டும் என்பதைப் பற்றி ஒன்றும் இல்லை.

கடலோரத்துக் கொங்சிப் (குலச் சங்கப்) படகுத்துறைகளின் கதை கொஞ்சம் வேறு. மரக்கால்களில் கடல்மேல் நிற்கும் சீனக் குடியிருப்புகள் அவை, பெரும்பாலானவை ஒவ்வொரு குலப்பெயரைச் சேர்ந்தவர்களுக்கு. அவற்றில் இரண்டு, கோவே துறையும் பெங் ஆன் துறையும், 2006-இல் இடிக்கப்பட்டன. அறிவிப்புக்கு இரண்டே ஆண்டு முன்பு. மிச்சத் துறைகள் பட்டியலில் ஏறியதால் தப்பின. அங்கே குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன, சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாளுக்கு முந்தைய இரவு கரும்பும் பன்றியும் படைத்து மேலுலகப் பேரரசருக்குப் பூசை நடக்கிறது. ஏன் அங்கே மட்டும் குடித்தனம் நிலைத்தது? நிலம் அரசுடையது, குடியிருப்பவர் உரிமம் வைத்திருக்கிறார், வீட்டை வெளியாருக்கு எளிதில் விற்க முடியாது. ஒரு பக்கம் பார்த்தால் அது பாதுகாப்பில்லாத உரிமைதான். ஆனால் சந்தை உள்ளே நுழையாமல் இருந்ததற்கும் அதுவே காரணம். சூ துறையில் சன்னலுக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுக்கும் சுற்றுலாக்காரர்கள்தான் இப்போதைய தொல்லை.

தைப்பூசம் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது

பினாங்கின் ஒற்றுமைக்குச் சான்றாகத் தைப்பூசத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நானும் அதைப் பார்த்து நெகிழ்கிறவன்தான். தைப்பூசத்துக்கு முந்தைய நாளான செட்டிப்பூசத்தன்று விடியற்காலையில் பினாங் ஸ்ட்ரீட் கோயில் வீட்டிலிருந்து நகரத்தாரின் வெள்ளி ரதம் கிளம்பும். 1894-இலிருந்து ஓடும் ரதம். தண்ணீர்மலைச் சாலையில் இருக்கும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்குப் போய்ச் சேர இரவாகிவிடும், ஏனென்றால் வழியெல்லாம் தேங்காய். சாலையோரம் குவித்து வைத்திருக்கும் தேங்காய்களுக்குப் பின்னால் காத்து நிற்பவர்களில் சீனர்கள் ஏராளம். கையில் ஊதுபத்தி, தேங்காயின் மேல் எரியும் சூடம். ரதம் நெருங்கியதும் இரண்டு கையாலும் தூக்கித் தூக்கி அடிப்பார்கள். தண்ணீர் தெறித்துச் சாலை முழுக்க நனைந்து, இளநீர் வாசனையும் சூட வாசனையும் சேர்ந்து அடிக்கும். இயந்திரம் வைத்துத்தான் சில்லுகளை ஒதுக்க வேண்டியிருக்கும். வேலை கிடைத்ததற்கும் உடம்பு தேறியதற்கும் வியாபாரம் நிமிர்ந்ததற்கும் வேண்டுதல்கள் அவை. மறுநாள் மலைக்கோயிலுக்குக் காவடி ஏறும்போது தண்ணீர்ப் பந்தல்களில் மோர் ஊற்றுபவர்களிலும் எல்லா இனத்தவரும் உண்டு.

2017-இல் இந்து அறப்பணி வாரியத்தின் தங்க ரதமும் சேர்ந்து, இரண்டு ரதம் தேவையா என்று தமிழர்களுக்குள்ளேயே பெரிய விவாதம் நடந்தது. அது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

இங்கே கவனிக்க வேண்டியது இதுதான். ரதம் புறப்படும் பினாங் ஸ்ட்ரீட்டிலும் மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலும் முன்பு கடைக்கு மேலே குடியிருந்த தமிழ்க் குடும்பங்களில் பல இன்று புறநகர் அடுக்குமாடிகளிலும் நீரிணைக்கு அப்பால் செபராங் பிறையிலும் இருக்கின்றன. தைப்பூசத்துக்கு வருகிறார்கள், அர்ச்சனைத் தட்டோடு நிற்கிறார்கள், இரவு திரும்பிப் போகிறார்கள். சீனர்களும் அப்படியே. திருவிழா ஊர்விட்டுப் போனவர்களையும் ஒரு நாளைக்குத் திரட்டிவிடும், அதற்கு அந்தச் சக்தி இருக்கிறது. ஆகவே திருவிழாக் கூட்டத்தை வைத்து ஊர் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்தால் ஏமாந்து போவோம். தண்ணீர் வராத நாளில் எதிர்வீட்டுக் குழாயில் வாளி வைப்பது, பிள்ளையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது, ஹொக்கியனில் கடன் சொல்வது, இவையெல்லாம் குடியிருந்தால்தான் நடக்கும். புறநகரில் அவரவர் வசதிக்கும் விலைக்கும் ஏற்பக் குடிபோகும்போது இனம் இனமாகவும் பிரிந்துவிடுகிறோம். அங்கே வளரும் பிள்ளைகளுக்கு மற்ற இனத்தவரின் பண்டிகை தெரியும், மற்ற இனத்தவரின் சமையலறை தெரியாது.

நிலம் யார் கையில்

இதற்கு வழியே இல்லை என்று நான் நினைக்கவில்லை. பழைய நகரத்தின் நில உடைமையைப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். கூ கொங்சி போன்ற குலச் சங்கங்கள், சீனக் கோயில்கள், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு வந்த வக்ஃபு நிலம், இந்துக் கோயில் அறநிலங்கள், தேவாலயச் சொத்துகள் என்று கணிசமான கடைவீடுகள் அறக் கட்டளைகளின் கையில் இருக்கின்றன. முஸ்லிம், இந்து அறச் சொத்துகளைப் பார்த்துக்கொள்ளக் காலனி அரசு 1905-இலேயே சட்டம் போட்டு வாரியம் அமைத்தது, அதன் வாரிசுகள் இன்றும் இயங்குகின்றன. இவர்களுக்கு ஒவ்வொரு வெள்ளியையும் சந்தை விலைக்குக் கறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அந்தச் சொத்தை எழுதி வைத்தவர்கள் சமூகத்துக்காக எழுதி வைத்தார்கள்.

எனவே மானியம் கொடுக்கும்போது கேட்க வேண்டிய நிபந்தனை எளிது. கூரைக்கும் சுவருக்கும் பொதுப்பணம் வேண்டுமா, உள்ளே இருக்கும் பழைய வாடகைதாரருக்குப் பத்து ஆண்டாவது தாங்கக்கூடிய வாடகையில் ஒப்பந்தம் போடுங்கள். காலியாக இருக்கும் மாடிகளை முதலில் அங்கே கடை வைத்திருப்பவருக்கும் வேலை பார்ப்பவருக்கும் கொடுங்கள், ஓட்டல் அறையாக்குவது அப்புறம். வக்ஃபு வீட்டில் முஸ்லிம், கோயில் வீட்டில் இந்து, கொங்சி வீட்டில் அந்தக் குலம் என்று மீண்டும் பிரிந்துவிடாமல், முன்பு இருந்ததுபோலவே மற்றவருக்கும் கதவு திறந்திருக்க வேண்டும். கப்பித்தான் கெலிங் நிலத்திலிருந்த வீடுகளில் ஒரு காலத்தில் எல்லாரும்தான் குடியிருந்தார்கள்.

யுனெஸ்கோவுக்கு அவ்வப்போது போகும் நிலவர அறிக்கையில் எத்தனை கட்டடம் பழுது பார்க்கப்பட்டது என்ற கணக்கோடு, எத்தனை குடும்பம் உள்ளே வாழ்கிறது, எந்த மொழிகள் பேசுகிறது, எத்தனை பிள்ளைகள் நடந்து பள்ளிக்குப் போகின்றன என்ற கணக்கும் தெருவாரியாகச் சேர வேண்டும். அதைக் கேட்க வேண்டியவர்கள் பினாங்கு மக்கள்தான், அவர்களில் தமிழர்களும் உண்டு. குயின் ஸ்ட்ரீட்டிலும் சூலியா தெருவிலும் இன்னும் அறநிலத்து வீடுகளில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களின் வாடகை ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு இருக்கிறது என்று அடுத்த வாரியக் கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்டால், அங்கிருந்தே தொடங்கிவிடலாம்.